சபாபதி சாரின் இடது கீழ்த்தாடை

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பல் மருத்துவக் கல்லூரியில் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று போன மாதம் ஜூனியர்கள் கூப்பிட்டுக் காட்டினார்கள். தாடைக் கட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடை உள்ளே வைத்தால் போதும். அதில் வந்து குவிந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் பூசித் திரையில் காட்டுகிறது. எண்ணிக்கையையும் கீழே போட்டுவிடுகிறது. "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் முடிவு பண்ணுவீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். சண்டை போட்டு முடிவு பண்ணுவோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். சபாபதி சாரின் தாடை விஷயத்தை அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவர்களுக்கு வகுப்பு வந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் பல் மருத்துவம் படித்தேன். மூன்றாம் வருடத்தில் ஒரு நோயாளி என் ஆட்காட்டி விரலை நன்றாகக் கடித்துவிட்டு, "நீங்கதானேம்மா கடிக்கச் சொன்னீங்க" என்றார். சொன்னது வாஸ்தவம். விரலை எடுத்த பிறகு கடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆள் இல்லாமல் வாய் மட்டும் வரும் பிரிவு எது என்று அன்றைக்கே விசாரித்தேன். வாய் நோய்க்குறியியல் என்றார்கள். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மேற்படிப்பு முடித்ததும் பூந்தமல்லி தாண்டி இருந்த ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் பிரிவுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் ஸ்லைடுகளில் சாம்பார் வாசனை வரும், கேன்டீன் சாம்பாரில் நாங்கள் திசுவைக் கழுவும் சைலீன் திரவத்தின் வாசனை வரும். இரண்டு பக்கமும் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

பிரிவின் தலைவர் சபாபதி சார். ஒல்லியான மனிதர், கும்பகோணத்துக்காரர், கரையான்சாவடியில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார். எனக்கு அவரோடு முதல் உரசல் சேர்ந்த வாரத்திலேயே வந்தது. ஒரு ரிப்போர்ட்டில், "நாள்பட்ட அழற்சிச் செல்கள் காணப்படுகின்றன" என்று எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதுகிற வரிதான். அவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வந்திருக்காங்கன்னு எழுதியிருக்கே. யார் வந்திருக்காங்க? எதுக்கு வந்திருக்காங்க? யார் கூப்பிட்டா?"

அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். அவசரமாக ஓடி வந்து சண்டை போட்டு அங்கேயே செத்துக் கிடக்கும் நியூட்ரோஃபில். சின்னதாக, கருப்பாக, குண்டூசித் தலை மாதிரி கூட்டம் கூட்டமாக நிற்கும் லிம்போசைட். உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கிப்போன பிளாஸ்மா செல். கொழுப்பைத் தின்று தின்று நுரைத்துப்போன மேக்ரோஃபேஜ். செத்துப்போன ஒரு பல்லின் வேர்நுனியிலிருந்து கிருமி வெளியே கசிந்தால் முதலில் வருகிறவர்கள் இவர்கள்தான். இவர்கள் விடும் சமிக்ஞைகளில், பல் வளர்ந்த காலத்திலிருந்து எலும்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் சில செல்கள் விழித்துக்கொண்டு பெருகுகின்றன. பெருகி ஒரு பை ஆகிறது. சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. காப்பாற்ற வந்தவர்களே வேர்நுனிக் கட்டி என்கிற நீர்க்கட்டிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் அத்தனை பேரையும் பெயர் சொல்லி எழுதாமல் சார் கையெழுத்துப் போடமாட்டார்.

இதற்கு நேர்மாறான கட்டி ஒன்று உண்டு. கெரட்டோசிஸ்ட் என்பார்கள். அதற்கு யாரும் வந்து தூண்டிவிட வேண்டியதில்லை. அதுவாக வளரும், எலும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும், சும்மா வழித்தெடுத்தால் மறுபடி வரும். அதன் உள்சுவரைப் பார்த்தால் ஆறேழு அடுக்குக்கு மேல் போகாது, மேல்பக்கம் அலையலையாக இருக்கும், அடிவரிசைச் செல்கள் வேலி போட்டது மாதிரி நிற்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அதில் சீழ் வைத்துவிட்டால் இந்த எதிர்ப்புச் செல்கள் அங்கேயும் கூட்டமாக வந்துவிடும். அவை நிற்கிற இடத்திலெல்லாம் சுவர் தடித்து, கோணி, தன் அடையாளத்தை இழந்து, சாதாரண நீர்க்கட்டி மாதிரியே ஆகிவிடும். "கூட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே, சுவரைப் பாரு" என்பது சார் வருஷா வருஷம் சொல்லும் பாடம்.

சார் ஒரு விதி வைத்திருந்தார். ஸ்லைடைப் பார்க்கும் முன் நோயாளியின் பெயரையோ எக்ஸ்ரேயையோ பார்க்கக் கூடாது. பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார். அதனால் லேப் டெக்னீஷியன் குமரவேல் ஒவ்வொரு ஸ்லைடின் பெயர் மீதும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி வைப்பார். ரிப்போர்ட்டைச் சொல்லி முடித்த பிறகுதான் உரிக்க வேண்டும். குமரவேல் பூந்தமல்லிக்காரர், என் வயதுதான், எதற்கும் அசராதவர்.

மெட்ரோ வேலை ஆரம்பித்தபோது எங்களுக்கு ஒரு புதுச் சோதனை வந்தது. எதிரே சாலையில் தூணுக்காக மண்ணைத் துளைக்க ஆரம்பித்ததும், மைக்ரோஸ்கோப்பில் லிம்போசைட்டெல்லாம் ஆடின. சார் குமரவேலைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார். குமரவேல் போய்விட்டு வந்து, "சார், பல்லுக்கோசரம் தூணை நிறுத்த முடியாதுன்றான். ஆனா மதியம் சாப்ட்டு ஒரு தூக்கம் போடுவானாம், அப்போ பாத்துக்கோங்கன்றான்" என்றார். அதிலிருந்து கஷ்டமான ஸ்லைடுகளையெல்லாம் அந்த மிஷின் ஓட்டுபவர் தூங்கும் நேரத்தில்தான் பார்த்தோம். அவர் லீவு போட்ட அன்று எங்களுக்குத் திருவிழா.

அப்படி ஒரு மதியம்தான் அது நடந்தது. சார் அதற்கு முன் இரண்டு நாள் உறவினர் கல்யாணம் என்று விடுப்பில் போயிருந்தார். திரும்பி வந்தபோது இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. கல்யாணச் சாப்பாட்டில் எதையோ கடித்துவிட்டதாகச் சொன்னார். நாங்கள் இருவரும் தட்டில் இருந்த ஸ்லைடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் சார் வெகுநேரம் நின்றார்.

"இதைப் பாரு ஹேமா. பிளாஸ்மா செல் மட்டுமே ஒரு ஊரு கூடியிருக்கு. எல்லாரும் வேர்நுனிக் கட்டின்னுதான் எழுதுவாங்க. ஆனா இங்க ஓரத்துல பாரு."

திசுவின் ஒரு முனையில், நகத்துண்டு அளவுகூட இல்லாத இடத்தில், கூட்டம் எட்டாமல் விட்ட சுவர் கொஞ்சம் மிச்சமிருந்தது. மேலே அலை, கீழே வேலி. கெரட்டோசிஸ்ட்டேதான். சார் கண்ணை எடுக்காமலேயே பேசிக்கொண்டு போனார். பக்கத்து எலும்பையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும், அங்கே இருக்கும் பற்களைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது, சர்ஜனிடம் தயவுதாட்சண்யம் பார்க்காதே என்று சொல்லிவிடு என்றார். சீழ் வைக்கிறவரை வாயை இப்படிப் போட்டு வைத்திருந்த அந்த ஆள் சுத்த சோம்பேறியாக இருக்க வேண்டும் என்றும், இந்தக் காலத்தில் படித்தவர்கள்கூட இப்படித்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு பிளாஸ்டரை உரித்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். சபாபதி, ஆண், கீழ்த்தாடை, இடதுபக்கம் என்று இருந்தது.

கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. எங்கள் கல்லூரி சர்ஜன் நசீரிடம் ரகசியமாகப் போய், கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்லைடு மறுநாள்தான் தயாராகும், தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். குமரவேல் சுறுசுறுப்பாக முந்திக்கொண்டுவிட்டார். பிளாஸ்டர் ஒட்டியவர் நீங்கள்தானே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று குமரவேலிடம் பிறகு கேட்டேன். "பேரைச் சொல்லக் கூடாதுன்றது சார் போட்ட ரூலு. நான் எப்டி மேடம் மீறுறது?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் இல்லை.

சார் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார். பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். நிமிர்ந்து, இது சாதாரண வேர்நுனிக் கட்டிதான் என்றார்.

"சார், அந்த ஓரம்..."

"ஓரத்துல திசு சாய்வா வெட்டுப்பட்டிருக்கு. அலை மாதிரி தெரியறது வெட்டினதால வந்தது. இத்தனை பிளாஸ்மா செல் சும்மா வருமா?"

வருஷா வருஷம் அவர் எச்சரித்த அதே கூட்டத்தை இப்போது சாட்சிக்குக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நீங்கள்தானே சார் முதலில் சொன்னீர்கள் என்றேன்.

"அப்போ நான் டாக்டர். இப்போ பேஷன்ட். பேஷன்ட் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கணும்னு நீயே பசங்களுக்கு வகுப்பு எடுக்கறே."

அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அறுபது தாண்டியும் முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. முதல் வருட மாணவர்களுக்கு முதல் வகுப்பே அவர் வாயைத் திறந்து காட்டுவதுதான். சாதாரணக் கட்டி என்றால் வேருக்கு வைத்தியம் பார்த்து, பையை வழித்தெடுத்துவிட்டு, பல்லை வைத்துக்கொள்ளலாம். கெரட்டோசிஸ்ட் என்றால் குறைந்தது இரண்டு கடைவாய்ப்பல் போகும். அதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்து விட்டுவைத்தால் சில வருஷத்தில் தாடையே போகும்.

ரிப்போர்ட்டில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். பிரிவின் தலைவராக அவர் வேர்நுனிக் கட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் போட மறுத்தேன். மெழுகுக் கட்டியில் பதித்த திசுவை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொன்னார். குமரவேல் வெட்டிக் கொடுத்தார். ஆழத்தில் அந்த ஓரமே இல்லை, தீர்ந்துபோயிருந்தது. வெறும் பிளாஸ்மா செல்கள். சார் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

இப்படியே சில வாரம் ஓடியது. ஸ்லைடு பார்க்கும் நேரம் தவிர சார் என்னோடு பேசவில்லை. பாடங்களைப் பிரித்துக்கொள்வது, தேர்வு வைப்பது எல்லாவற்றையும் குமரவேல் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவார். பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு. ஒருநாள் அவர் மனைவி வசந்தா அம்மா நேரே லேபுக்கு வந்துவிட்டார். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் சுற்றிவளைத்துப் பேசமாட்டார். இந்த மனுஷன் கண்ணாடி முன்னாடி நின்று பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார், கன்னம் வீங்கிக்கொண்டே போகிறது, என்னதான் நடக்கிறது என்று கேட்டார். சார் உள்ளேயிருந்து, டிபார்ட்மென்ட் விஷயத்தை வெளியாட்களிடம் பேசக் கூடாது என்று குரல் கொடுத்தார். "வெளியாளா? அந்தத் தாடைக்கு முப்பத்தஞ்சு வருஷமா சோறு போடறவ நானு" என்றார் வசந்தா அம்மா.

நசீர்தான் ஒரு வழி சொன்னார். ஒரே கல்லூரியில் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் வெளியே ஒருவரிடம் கேட்பதுதான் முறை, சர்ஜன் என்ற முறையில் தானே கேட்கிறேன் என்றார். முதல் நாள் மெழுகுக் கட்டியிலிருந்து நாடா போலச் சீவியதில் சாயம் ஏற்றாத துண்டுகள் இரண்டு குமரவேலிடம் பத்திரமாக இருந்தன. அந்த ஓரம் அதில் இருக்கும். நோயாளியின் பெயர் போடாமல், வெறும் எண்ணோடு, தெற்கே ஒரு கல்லூரியில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பினோம்.

பத்து நாள் போல ஆனது. ஒரு காலை குமரவேல் பிரித்த பார்சல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னா மேடம் இது? அவரு ஸ்லைடு அவருகிட்டயே வந்துகினு கீது?"

வாங்கிப் பார்த்தேன். அந்த நிபுணரால் முடிவுக்கு வர முடியவில்லை. அவர் சபாபதி சாரின் பழைய மாணவர். சந்தேகம் வந்தால் எப்போதும் செய்கிறபடி, தன் கல்லூரியின் எண்ணைப் போட்டு, "தங்கள் மேலான கருத்துக்கு" என்று எழுதி சாருக்கே அனுப்பிவிட்டார். நசீரின் குறிப்பில் எங்கள் பிரிவின் பெயர் இருந்ததை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இந்த வகைக் கட்டியில் தமிழ்நாட்டில் எங்கே சுற்றினாலும் கடைசியில் சாரிடம்தான் வந்து சேரும். அதை நாங்கள் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

நான் அந்த ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கல்லூரியில் ஏற்றிய சாயம் எங்களுடையதைவிட வெளிறி, ஆரஞ்சு பூசியது போல இருந்தது. திசுவும் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. வேறு ஆளுடையது என்று சொன்னால் நம்பலாம். சொல்லிவிட்டால் அவர் பேஷன்டாகப் பார்ப்பார். சொல்லாவிட்டால் டாக்டராகப் பார்ப்பார். எனக்கு டாக்டர் வேண்டியிருந்தது. "பிளாஸ்டர் ஒட்டுங்க" என்றேன். குமரவேல் ஒன்றும் கேட்காமல் ஒட்டினார்.

மதியம் எதிரே மிஷின் நின்றதும் சார் உட்கார்ந்தார். நான் மைக்ரோஸ்கோப்பின் எதிர்க் கண்ணாடியில் உட்கார்ந்தேன். மூன்றாவதாக அந்த ஸ்லைடு வந்தது. சார் எப்போதும் போல இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனார். கூட்டத்தில் கொஞ்சம் நின்றார். அந்த ஓரத்துக்கு வந்தார். அங்கேயே இருந்தார். மிஷின் மறுபடி ஆரம்பித்துவிடுமோ என்று ஒரு காதை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன்.

"எழுதிக்கோ" என்றார் கடைசியில். "கெரட்டோசிஸ்ட். சீழ் வெச்சிருக்கு. இவங்கெல்லாம் பின்னாடி வந்தவங்க, இவங்க மேல தப்பில்ல."

வழக்கம்போல ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதச் சொன்னார். நோயாளியைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "இந்த ஆளுக்கு ரெண்டு பல்லாவது போகும். சொல்றவங்களைக் கொஞ்சம் பக்குவமா சொல்லச் சொல்லு" என்றார். வயது ஆகிறது, மனிதர் கனிந்துவருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்டரை உரிக்காமலே, எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நசீரையும் அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, இது உங்களுடையதுதான் சார் என்று மட்டும் சொன்னேன். சார் அதை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார்.

"இதுக்கு மேல்முறையீடு கிடையாதா?"

"யாருக்கு அனுப்பினாலும் உங்ககிட்டதான் சார் வரும்" என்றேன்.

நசீரைப் பார்த்து, எப்போது படுக்க வேண்டும் என்று கேட்டார். ஸ்லைடு தவிர வேறு எதையும் என்னிடம் நேரடியாகப் பேசி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அன்று, நான் இல்லாத நாட்களில் உனக்கு வகுப்பு அதிகமாகும், பார்த்துக்கொள் என்றார்.

ஆபரேஷன் எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. இரண்டு கடைவாய்ப்பல் போயிற்று. முழுப் பையும் லேபுக்கு வந்தபோது நான்தான் பார்த்தேன். சீழ் பிடித்த ஒரு பக்கத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அலையும் வேலியும் பாடப் புத்தகத்தில் போடுவது மாதிரி தெளிவாக இருந்தன. இப்போது அவருக்கு அந்த இடத்தில் எலும்பு நிரம்பிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போகிறார். கட்டி இதுவரை திரும்ப வரவில்லை.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது நானும் வசந்தா அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் நீட்டி, இதைப் பாரேன் என்றார். சாரின் படம். வீட்டுப் பால்கனியில், சாயங்கால வெளிச்சத்தில் நிற்கிறார். பின்னால் கட்டி முடியாத மெட்ரோ தூண். போட்டோ என்றாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறவர், இதில் வாயை அகலமாகத் திறந்து, கடைசிப் பல்வரை தெரிய, இடது கன்னத்து வீக்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாண ஆல்பத்தில்கூட இந்த மனுஷன் பல்லைக் காட்டினதில்லை என்றார் வசந்தா அம்மா. படம் எடுத்த அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், வெளிச்சம் போவதற்குள் எடு என்று அவசரப்படுத்தினாராம். நல்லா விழுந்திருக்கா, எல்லாம் தெரியுதா என்று திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தாராம்.

எப்போது எடுத்தது என்று கேட்டேன்.

"நீயும் நசீரும் ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு வந்து அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னீங்களே, அதுக்கு முந்தின நாள்" என்றார்.